கதை தொடங்கும் முன்பே நடந்த கதை: அறிவியல் புனைவுத் தொடர்கள் பழங்காலத்துக்குப் போவது ஏன்?

அறிவியல் புனைவு என்றாலே வரப்போகும் காலம் என்றுதான் நமக்குப் பழக்கம். விண்கலம், ரோபோ, வேற்றுக் கோள், கி.பி. 2300. ஆனால் பெரிய பெரிய அறிவியல் புனைவுத் தொடர்கள் பலவும் முன்னால் போவதை விட்டுவிட்டுப் பின்னால் போகின்றன. 2024ல் வந்த ‘டியூன்: ப்ராஃபசி’ தொடர், மூலக்கதையின் நாயகன் பிறப்பதற்கு 10,148 ஆண்டுகளுக்கு முன் நடக்கிறது. 2022ல் வந்த ‘ப்ரே’ படம், வேற்றுக்கிரக வேட்டைக்காரன் ஒருவனை 1719ஆம் ஆண்டின் அமெரிக்கப் புல்வெளியில் கொண்டுவந்து இறக்குகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படக்கதைகளில் மூலப்படத்துக்கு 25,000 ஆண்டு முந்தைய காலம் வரை போய்விட்டார்கள்.

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்கிறோம், எழுதியும் பார்க்கிறோம். ஏன் இப்படிப் பின்னால் போகிறார்கள், போனால் என்ன கிடைக்கிறது, எங்கே சறுக்குகிறது என்ற கேள்வி அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வகைக் கதைகளை இப்போதுதான் பார்க்கவும் படிக்கவும் தொடங்கியிருப்பவர்களுக்காக அதை இங்கே விளக்குகிறேன். எழுத ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் அடிப்படை. ஒரு கதை வெற்றி பெற்று, அதே உலகத்தில் படம், நாவல், படக்கதை, வீடியோ கேம் என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தால் அதை ஃபிரான்சைஸ் என்கிறார்கள். கதையுலகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த உலகத்துக்குள்ளேயே, மூலக்கதையின் நாயகர்களை விட்டு விலகி வேறு ஆட்களின் கதையைச் சொன்னால் அது ஸ்பின்ஆஃப், கிளைக்கதை. மூலக்கதைக்கு முந்தைய காலத்தில் நடந்தால் ப்ரீக்வல், முன்கதை. இந்த இரண்டும் சேர்ந்து, மூலக்கதைக்கு வெகு முன்னால், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத காலத்தில் ஒரு கதை நடந்தால், அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தொல்காலக் கிளைக்கதை என்று சொல்லிக்கொள்ளலாம்.

முன்கதை நமக்குப் புதிதும் இல்லை. கல்கி 1941ல் ‘பார்த்திபன் கனவு’ எழுதத் தொடங்கினார். அதில் நரசிம்மவர்மப் பல்லவர் எல்லாம் பார்த்து முடித்த சக்கரவர்த்தி. 1944ல் தொடங்கிய ‘சிவகாமியின் சபதம்’ அதற்குப் பின்னால் எழுதப்பட்டது, ஆனால் நடப்பது அதற்கு முன்னால். அதில் அவர் இளவரசர். வாதாபி வீழ்ந்தது என்பது வரலாறு தெரிந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவகாமி என்ன ஆவாள் என்பதற்காகத்தான் அந்த நாவலை இன்றைக்கும் கீழே வைக்காமல் படிக்கிறோம்.

சரி, அறிவியல் புனைவுக்கு வருவோம். பின்னால் போகக் காரணங்கள் எளிமையானவை. மூலக்கதையைத் தொடர்ந்து எழுதினால், தோற்ற வில்லனை மறுபடி எழுப்ப வேண்டும். அவன் எழுந்தால் முதல் வெற்றிக்கு மதிப்பு போய்விடும். நடிகர்களுக்கு வயதாகிவிடுகிறது, சிலர் இறந்தும் போகிறார்கள். பின்னால் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதோடு, மூலக்கதையில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன வரிகள் ரசிகர் மனதில் ஊறிக்கொண்டே இருக்கும். எப்போதோ நடந்த ஒரு பெரும் போர், அழிந்துபோன ஓர் இனம், யாரும் கால் வைக்காத ஒரு கோள். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுதுகிறவருக்கும் உண்டு, பார்க்கிறவருக்கும் உண்டு.

எவ்வளவு தூரம் பின்னால்?

இதுதான் எழுதுகிறவர் எடுக்கும் முதல் முடிவு. பாதிக் கதை இதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

மிக அருகில் நிற்கும் முன்கதைக்கு நல்ல உதாரணம் 2016ல் வந்த ‘ரோக் ஒன்’. 1977ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கத்தில் எழுத்துகள் ஓடும். அதில், பேரரசின் பேரழிவு ஆயுதத்தின் வரைபடத்தைப் புரட்சிப்படை ஒற்றர்கள் திருடிவிட்டார்கள் என்று ஒரு வரி வரும். அந்த ஒற்றை வரியைத்தான் முழுப்படமாக எடுத்தார்கள். வரைபடம் கைக்கு வந்து சேரும் என்று நமக்குத் தெரியும். கொண்டுவந்து சேர்த்தவர்களை 1977 படத்தில் எங்கேயும் காணோம் என்பதும் தெரியும்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டான். “அண்ணே, எல்லாரும் செத்துருவாங்கன்னு தெரிஞ்ச பிறகு என்னத்துக்குப் பார்க்கணும்?” நான் வாய் திறப்பதற்குள் தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருத்தி முந்திக்கொண்டாள். “எங்க அப்பத்தா அறுவத்தி நாலு புயலச் சொல்லும்போது, முடிவு தெரிஞ்சுதானடா கேக்குறோம்?”

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. 1964 டிசம்பர் 22 சாயங்காலம், தனுஷ்கோடியில் ஒரு குடும்பம் மீன் குழம்பு வைத்துக்கொண்டு, விடிந்ததும் வலையைச் சரிபார்க்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறது என்று ஒரு கதை தொடங்கட்டும். இந்தக் கரையில் யாருக்கும் அடுத்த வரியைச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி கடல் ஊருக்குள் வரும். பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலை அலை கொண்டுபோகும். தேவாலயம் கூரையில்லாமல் நிற்கும். அது தெரிந்திருப்பதால்தான் அந்தக் குழம்புப் பேச்சு நெஞ்சை அடைக்கிறது. அருகிலிருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கனம் எழுத்தாளருக்குக் கேட்காமலே கிடைக்கிறது.

நூறு ஆண்டு இடைவெளி என்னைப் பொறுத்தவரை மிகச் சங்கடமான தூரம். மூலக்கதை ஆட்கள் பெரும்பாலும் பிறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய குருமார்கள் இருப்பார்கள், அதே அமைப்புகள் இருக்கும், ஆவணங்கள் இருக்கும். 2024ல் வந்த ‘தி அகோலைட்’ இந்தத் தூரத்தில்தான் நின்றது. 1999ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்குச் சுமார் நூறு ஆண்டு முன்னால் நடக்கும் கதை. அந்த 1999 படத்திலோ, சித் என்னும் எதிரிக் கூட்டம் அழிந்து ஆயிரம் ஆண்டாகிறது என்று, அவர்களை எதிர்க்கும் ஜெடாய் என்னும் வீரர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அப்படியானால் நூறு ஆண்டு முன்பு தலைகாட்டும் சித் ஒருவனைப் பற்றி யாருக்கும் தெரியாமலே போக வேண்டும். பார்த்தவர்கள் சாக வேண்டும், அல்லது மறைக்க வேண்டும். கதையின் பாதிச் சக்தி இந்தக் கணக்கை நேர்செய்வதிலேயே செலவாகிறது. 1999 படத்தில் வரும் ஜெடாய் ஒருவர் இதிலும் தலைகாட்ட, அவர் பிறந்த ஆண்டைப் பற்றியே ரசிகர்கள் மல்லுக்கட்டினார்கள். தொடர் ஒரே பருவத்தோடு நின்றது. நின்றதற்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இடைவெளியைத் தேர்ந்தெடுத்த அன்றே இந்தச் சுமை தோளில் ஏறிவிட்டது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. 2003ல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ என்ற வீடியோ கேம், ஸ்டார் வார்ஸ் படங்களுக்குச் சுமார் 4,000 ஆண்டு முன்னால் நடக்கிறது. யார் வெல்வார், யார் சாவார் என்று யாராலும் ஊகிக்க முடியாது. முழுச் சுதந்திரம். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. தனுஷ்கோடிக் கதையில் கேட்காமல் கிடைத்த கனம் இங்கே கிடைக்காது. முடிவு தெரியாது, ஆட்களைத் தெரியாது, ஊரும் தெரியாது. அப்புறம் இதை இந்தக் கதையுலகத்தில் ஏன் சொல்ல வேண்டும், புதிதாகவே ஒரு கதை எழுதலாமே என்று பார்க்கிறவர் கேட்பார். நியாயமான கேள்வி. நல்ல தொல்காலக் கிளைக்கதை அதற்குப் பதில் வைத்திருக்கும்.

எது மறந்தது, எது மிஞ்சியது?

அந்தப் பதில் மறதியில் இருக்கிறது என்பது என் எண்ணம். பழங்காலத்தில் என்ன நடந்தது என்பதைவிட, நடந்ததில் எது பிற்காலத்துக்கு வந்து சேர்ந்தது, எது வழியில் தொலைந்தது, எது தப்பும் தவறுமாக வந்தது என்பதுதான் இந்த வகைக் கதையின் உயிர்.

இதைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ சாட்சி. 2017ல் தொடங்கிய தொடர். 1966ல் வந்த மூலத்தொடருக்குச் சுமார் பத்து ஆண்டு முன்னால் நடக்கிறது. அதன் நாயகி, மூலத்தொடரின் புகழ்பெற்ற ஸ்பாக்கோடு ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரி என்று வைத்தார்கள். அப்படியொரு சகோதரி இருந்ததை ஸ்பாக் இத்தனை ஆண்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லையே? அவளுடைய கப்பலில் இருந்த அதிசய எந்திரம் பிறகு எங்கே போனது? இரண்டாம் பருவ முடிவில், அந்தக் கப்பலைப் பற்றி வாய் திறந்தால் தேசத்துரோகம் என்று எல்லார் வாயையும் கட்டினார்கள். மூன்றாம் பருவத்தில் கப்பலையே 900 ஆண்டுகளுக்கு மேல் முன்னால், எந்தப் பழைய கதையும் எட்டாத எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முன்கதையாகத் தொடங்கிய தொடர் முன்கதையாக இருக்க முடியாமல் ஓடிய ஓட்டம் அது. ஓடிப்போன இடத்தில் தொடருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்தாண்டில் மறதியைச் சட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் ஆண்டில் அது தானாக வருகிறது. அழகன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைகை கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஊர். அங்கே தோண்டியபோது ரோம நாணயங்களும், மேற்கிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. பானை ஓடு ஒன்றில் கப்பல் ஒன்றைக் கீறி வைத்திருக்கிறார்கள். கீறியவர் யார் என்று தெரியாது. கரையில் நின்று பார்த்துக் கீறினாரா, அதில் ஏறிப் போய்வந்த பிறகு கீறினாரா, அதுவும் தெரியாது. பாய்மரமும் கயிறும் மட்டும் ஓட்டில் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு விட்டுவைத்தது அவ்வளவுதான்.

ஒரு கதையுலகத்தின் தொல்காலத்தை எழுதுகிறவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். மூலக்கதையில் ஏற்கெனவே ஓர் ஓடு கிடக்கிறது. அதைக் கீறிய கையை அவர் உருவாக்க வேண்டும். ‘ஹேலோ’ என்ற கேமில் மனிதர்கள் விண்வெளியில் மாபெரும் வளையங்களைக் காண்கிறார்கள். ஃபோர்ரன்னர் என்னும் இனம் கட்டியவை அவை. கொள்ளைநோய் போலப் பரவும் ஒட்டுண்ணி உயிர் ஒன்றைப் பட்டினி போட்டு அழிக்க, அதற்கு இரையாகும் அறிவுள்ள உயிர்களையெல்லாம் கொன்றுவிடும் கடைசி ஆயுதம். விளையாடுகிறவர் அந்த இடிபாட்டுக்குள் நடக்கிறார், கட்டியவர்களைப் பார்ப்பதில்லை. கிரெக் பேர் 2011ல் தொடங்கி எழுதிய மூன்று நாவல்கள் சுமார் ஒரு லட்சம் ஆண்டு பின்னால் போய், அதைக் கட்டியவர்கள் உயிரோடு இருந்து தங்களுக்குள் அடித்துக்கொண்ட காலத்தைச் சொல்கின்றன. முடிவு வளையம் இயங்குவதுதான், அது தெரியும். அந்த முடிவை எடுத்தவர்கள் எத்தனை பிளவுபட்டு நின்றார்கள் என்பதுதான் புதிது.

மறதிக்கு எதிரான நோய் ஒன்றும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தோற்றம் சொல்லும் வியாதி. 2018ல் வந்த ‘சோலோ’ படத்தில், ஸ்டார் வார்ஸ் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவுக்கு அந்தக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு காட்சி. தனியாக வந்திருக்கிறான் என்பதால் ஆள்சேர்க்கும் அதிகாரி ஒருவர் ‘சோலோ’, அதாவது தனி ஆள், என்று எழுதிவிடுகிறார். யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பதில். நாற்பது ஆண்டு ஒரு மனிதனின் பெயராக இருந்தது, ஒரு காட்சியில் விளக்கக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது. தொல்காலக் கதையில் இந்த ஆசை இன்னும் அதிகமாக வரும், ஏனென்றால் அங்கே எல்லாமே “முதல்” ஆக இருக்க முடியும். முதல் கப்பல், முதல் வாள், முதல் துரோகம். அடக்கி வாசிக்கத் தெரிந்தவர் அபூர்வம்.

விண்கலம் அப்போது எப்படி இருந்தது?

பிள்ளைகள் எல்லாருக்கும் பிடித்த கேள்வி இது. 1966ல் ‘ஸ்டார் ட்ரெக்’ மூலத்தொடருக்காக அட்டையும் வண்ண விளக்கும் வைத்துச் செய்த விண்கலம் 2260களில் பறக்கிறது. 2001ல் எடுத்த ‘ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்’ அதற்குச் சுமார் நூறு ஆண்டு முன்னால் நடக்கிறது. ஆனால் எடுத்த காலம் பிந்தியது, அதனால் தட்டைத் திரையும் பளபளப்பும் வந்துவிட்டன. பேரனுடையதைவிடத் தாத்தாவின் கப்பல் புதிதாகத் தெரிகிறது.

அதைச் சமாளித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கப்பலை நீர்மூழ்கி போலக் குறுக்கினார்கள். தற்காப்புக் கவசம் கிடையாது. ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நொடியில் அனுப்பும் கருவி கப்பலில் இருக்கிறது, ஆனால் அதற்குள் நிற்க ஆட்களுக்குப் பயம். பிற்காலத்தில் தண்ணீர் குடிப்பதைப் போலச் செய்யும் வேலையை இவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிறார்கள். கருவியைப் பழையதாகக் காட்டுவதைவிட, கருவிக்கு முன்னால் நிற்கும் மனிதரைப் பழையவராகக் காட்டுவது நன்றாக வேலை செய்கிறது.

ஸ்டார் ட்ரெக்கில் வரும் கிளிங்கான் என்னும் வேற்றுக்கிரக இனத்தின் நெற்றி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960களில் அவர்களுக்குச் சாதாரண நெற்றி. 1979 படத்தில் பணம் இருந்தது, ஒப்பனை வந்தது, நெற்றியில் மேடு வந்தது. 1996ல் ஒரு தொடரில் பாத்திரங்கள் பழைய காலத்துக்குப் போய் வழுவழு நெற்றிக்காரர்களைப் பார்த்துவிட்டுத் தங்களோடு இருக்கும் கிளிங்கானிடம் கேட்கிறார்கள். வெளியாட்களிடம் அதைப் பேசுவதில்லை என்று முடித்துக்கொள்கிறார். 2005ல் ‘என்டர்பிரைஸ்’ ஒரு நோய்க்கிருமியைக் காரணமாகச் சொல்லி விளக்கியது. அந்த விளக்கத்தைவிட 1996ன் ஒற்றை வாக்கியம் அழகு.

வெகுதூரம் பின்னால் போகும்போது சிக்கல் தலைகீழாகிறது. 4,000 ஆண்டு முன்பும் அதே ஒளிவாள், அதே மாதிரி விண்கலம் என்றால், இடையில் இத்தனை தலைமுறை என்ன செய்தது? ஸ்டார் வார்ஸ் இதற்குத் திருத்தமாகப் பதில் சொன்னதில்லை. டியூன் சொல்லிவிட்டது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965 நாவலிலேயே, சிந்திக்கும் எந்திரங்களுக்கு எதிராக ஆயிரக்கணக்கான ஆண்டு முன்பு ஒரு பெரும் போர் நடந்தது, அதற்குப் பிறகு மனித மனத்தைப் போன்ற எந்திரம் செய்வதே பெரும்பாவம் ஆனது என்று வைத்தார். கணினியின் இடத்தில் பயிற்சி பெற்ற மனிதர்கள் உட்கார்ந்தார்கள். அதனால் பத்தாயிரம் ஆண்டு ஏறத்தாழ உறைந்து நிற்பது நம்பும்படியாக இருக்கிறது. ‘ப்ராஃபசி’ அந்தப் போர் முடிந்து நூறு ஆண்டு கடந்த காலத்தில் நடக்கிறது. எந்திரத்தின் மேல் பயம் அங்கே இன்னும் பச்சையாக இருக்கிறது. மூலக்கதையில் வெறும் சட்டமாக நின்றது இங்கே ரத்தமும் சதையுமாக நிற்கிறது.

நிஜ உலகத்தில் மாற்றம் ஒரே சீராக வருவதில்லை என்பதையும் எழுதுகிறவர்கள் மனதில் வைக்கலாம். இந்தக் கரையில் ஜிபிஎஸ் பார்த்து ஓடும் விசைப்படகும், ஆட்கள் வரிசையாக நின்று கையால் இழுக்கும் கரைவலையும் ஒரே காலையில் கண்ணில் படும். ஜிபிஎஸ் வைத்திருப்பவரும் வாடையா கச்சானா என்று காற்றைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஒரு காலத்தைப் “பழையது” என்று காட்ட எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்க வேண்டியதில்லை.

‘ப்ரே’ இதையெல்லாம் ஒரே படத்தில் செய்துகாட்டியது. 1987ல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தின் ஆட்கள் யாரும் இதில் இல்லை. நரு என்னும் கமாஞ்சிப் பழங்குடிப் பெண், அவளுடைய நாய், அவள் வேட்டைக்காரி ஆவதை ஏற்காத ஊர். வேற்றுக்கிரகத்தானும் அந்தக் காலத்து ஆள். அவன் முகமூடி எலும்பால் ஆனது போல இருக்கிறது, அவன் ஆயுதமும் பிற்காலப் படங்களில் வருவதைவிடக் கரடுமுரடானது. 1987 படத்தின் நாயகன் உடம்பெல்லாம் சேறு பூசித் தன் உடல்சூட்டை மறைப்பான். நருவுக்கு அதே தேவை வருகிறது, ஆனால் அவள் கண்டுபிடிப்பது உடம்பைக் குளிர்விக்கும் ஒரு பூவை. அவளுக்கு அந்தப் பூவைக் காயத்துக்கு மருந்தாக ஏற்கெனவே தெரியும். படத்தின் தொடக்கத்திலேயே அதைப் பறித்து வைத்திருப்பாள்.

அந்தப் படத்தில் ஒரு கைத்துப்பாக்கி வருகிறது. 1990ல் வந்த இரண்டாம் பிரிடேட்டர் படத்தின் முடிவில், வேற்றுக்கிரகத்தார் நாயகனிடம் 1715 என்று பொறித்த பழைய துப்பாக்கி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது எப்படி அவர்கள் கைக்குப் போனது என்று படத்தில் யாரும் சொல்லவில்லை. 32 ஆண்டு கழித்து அதே துப்பாக்கி நருவின் கைக்கு வருகிறது. அவளிடமிருந்து அது எப்படிப் போனது என்பதைப் படம் நிகழ்த்திக் காட்டுவதில்லை. நருவின் வெற்றி நிலைக்கவில்லை என்ற பயத்தை மட்டும் நமக்குள் விட்டுவிட்டு நின்றுகொள்கிறது.

நம் கரையில் ஒன்று எழுதினால்

பிள்ளைகளோடு சேர்ந்து இப்படி ஒரு பயிற்சி செய்து பார்த்தோம். மூலக்கதை கி.பி. 2400ல். கடல் ஏறிவிட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ல் இரண்டு இப்போதே மூழ்கிவிட்டன, அந்தக் காலத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மக்கள் பாக் நீரிணையின் மேல் மிதக்கும் ஊர்களில் இருக்கிறார்கள். அங்கே ஒரு பார் இருக்கிறது. நம் மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அந்தப் பார்மேல் யாரும் வலை விடுவதில்லை, நிழல்கூட விழக் கூடாது என்பது வழக்கம். ஏன் என்று கேட்டால், “எங்க ஐயா சொன்னாரு” என்பதற்கு மேல் பதில் இல்லை. மூலக்கதையில் அந்தப் பாருக்குள் வேற்றுலக எந்திரம் ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது.

கிளைக்கதை 9,000 ஆண்டு பின்னால். இது வெறும் கற்பனை நிலம் இல்லை. சுமார் 20,000 ஆண்டு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அன்றைக்கு அது தரை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போகலாம். பிறகு பனி உருகி உருகி, சுமார் 7,000 ஆண்டு முன்பு கடல் இன்றைய மட்டத்தை நெருங்கியது. இடையில் எப்போதோ அந்தத் தரை மூழ்கியது. அந்த இடைக்காலம்தான் நம் கதை. இதைச் சொன்னதும் குமரிக்கண்டம் என்று ஒருவன் குதித்தான். அது வேறு. கண்டமே கடலுக்குள் போனது என்பதற்கு நிலவியல் சான்று இல்லை. பாக் நீரிணை தரையாக இருந்ததற்கு இருக்கிறது, கதைக்கு அதுவே தாராளம்.

கடல் ஏறுவதை எப்படிக் காட்டுவது? தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினால் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு அந்த ருசி தெரியும். கதையின் முதல் காட்சியில் ஒரு சிறுமி ஊற்றுத் தோண்டுகிறாள், குடிக்கிறாள். நடுவில், பெரியவளாகி அதே இடத்தில் தோண்டுகிறாள், வாயில் வைத்துவிட்டுத் துப்புகிறாள். அவ்வளவு போதும். கடல்மட்டம் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம்.

அந்த எந்திரம் அவளுக்கு ஒரு கறுப்புக் கல். அதன்மேல் பனித்துளி படிவதில்லை. மான்கள் அதன் நிழலுக்கு ஒதுங்குவதில்லை. அதைத் தொட்ட ஒருவனுக்கு ஏதோ நேர்ந்தது என்பதால் நிழல் விழக் கூடாது என்று ஊர் வைத்த விதி, தண்ணீர் ஏறிய பிறகும் படகில் ஏறிக்கொண்டு பிழைக்கிறது. காரணம் கரையிலேயே நின்றுவிடுகிறது. மூலக்கதையில் ஒரு வரியாக வந்த வழக்கம் இப்போது ஒரு சாவின் மேல் நிற்கிறது. எந்திரம் என்ன, யார் அனுப்பியது என்பதை இந்தக் கதையில் தொடவே கூடாது.

வேறு சிலவற்றையும் தவிர்த்தோம். சிறுமியின் கழுத்துச் சங்கு 2400ல் நாயகியின் கழுத்தில் தொங்கக் கூடாது. அவள் நாயகியின் மூதாதையாக இருக்கக் கூடாது. 9,000 ஆண்டு முன்பு என்ன மொழி பேசினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் உரையாடலில் சரித்திரப் படத் தமிழ் வேண்டாம், இன்றைய கேலிப் பேச்சும் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியமாகப் போதும். கடைசியில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வந்து ஒன்றுசேரும் கட்டம் வரும். வடக்கே அலையில்லாத பெண் கடல், தெற்கே சீறும் ஆண் கடல் என்று இங்கே சொல்வது வழக்கம். அந்தப் பெயர்களை யார் வைத்தார்கள் என்று அங்கே ஒரு காட்சி எழுதக் கை துடிக்கும். எங்களுக்கும் துடித்தது, எழுதவில்லை. ஒரு பக்கம் தண்ணீர் சும்மா வந்து நிற்கிறது, மறு பக்கம் அடித்துக்கொண்டு வருகிறது என்று மட்டும் எழுதினோம். இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்கும் காட்சி குறையாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி: கதை நடக்கும் வரிசையில் பார்ப்பதா, வெளிவந்த வரிசையிலா? வெளிவந்த வரிசையில் பாருங்கள். முன்கதைகள் எல்லாம் மூலக்கதை தெரிந்தவருக்காகவே எழுதப்பட்டவை. ‘ரோக் ஒன்’ பார்ப்பதற்கு முன் 1977 படத்தைப் பார்த்துவிட வேண்டும், முடிந்தால் பிறகு அதை இன்னொரு முறை. ‘டியூன்: ப்ராஃபசி’க்கு முன் 2021ல் வந்த டியூன் படமாவது வேண்டும், இல்லாவிட்டால் பெயர்களிலேயே தலை சுற்றும். ‘ப்ரே’ விதிவிலக்கு, எதுவும் தெரியாமல் நேராக அதில் இறங்கலாம். அதைக் கமாஞ்சி மொழியிலேயே முழுக்கப் பார்க்கவும் வழி இருக்கிறது, அப்படியே பாருங்கள்.